வத்தல் கடையில் கார் ரேஸ்

அருப்புக்கோட்டையில் அருஞ்சுனை அண்ணாச்சியின் மிளகாய் வத்தல் கமிஷன் கடையை அறியாதவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. நரிக்குடி, பரளச்சி, திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரிகள் காட்டில் விளைந்த வத்தலையும் மல்லியையும் அங்கேதான் கொண்டுவந்து இறக்குவார்கள். அண்ணாச்சியின் மூத்த மகள் சண்முகவடிவு, பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு அந்தக் கடையில் வந்து உட்கார்ந்தவள். பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவள் நான், முனீஸ்வரி. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது தெருவுக்கே கேட்கும் என்று அவள் சொல்வாள், அது கிடக்கட்டும்.

கடையில் வடிவின் வேலை சரக்குப் பார்ப்பது. மூட்டையின் தையலைப் பிரித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை அள்ளி வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள். மேலாக நல்ல சிவப்பையும் அடியில் வெளுத்த சோடையையும் வைத்துக் கட்டி வருகிற ஆள் அன்றைக்குத் தொலைந்தான். "ஏண்ணே, ஒங்க காட்டுல மேல ஒரு சாதி, கீழ ஒரு சாதியாவா வெளையுது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவாள். கை விட்டுப் பார்க்காத மூட்டைக்கு அவள் விலை சொன்னதே கிடையாது. அவளுக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. இரண்டு ஊர் வத்தலை ஒரே மூட்டையில் போட்டால், எவ்வளவு நல்ல வத்தலாக இருந்தாலும் அவளுக்கு அது கலப்படம்தான். இந்த இரண்டு கொள்கைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் வத்தல் கடையில் ஒருநாளும் வரவில்லை.

தொண்ணூற்றெட்டில் தம்பி சங்கர் காலேஜை முடித்து, கல்யாணத்தையும் முடித்து, கடைக்கு வந்தான். ஒரு கல்லாவில் இரண்டு பேர் உட்கார முடியாது. சரக்குப் பார்ப்பதையும் தானே பார்த்துக்கொள்வதாக அவன் சொல்லிவிட்டான். வடிவுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொல்லி, சொந்தபந்தமெல்லாம் பேசி ஓய்ந்து, அதுவும் பழைய சமாச்சாரமாகிவிட்டது.

"வீட்டுல இரு தாயி. ஒனக்கு என்ன கொறை?" என்றார் அண்ணாச்சி.

"வீட்டுல இருக்கிறதுதாம்ப்பா கொறை" என்றாள் வடிவு.

கடைக்கு முன்னால் தெருவைப் பார்த்து ஓர் அறை உண்டு. பழைய சாக்குகளும் தராசும் போட்டு வைத்திருந்தார்கள். அதைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டாள். சங்கர் அதை உரக்கடைக்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விடுவதாகப் பேசி வைத்திருந்தான். அண்ணாச்சி வியாபாரி. மகளுக்கும் மகனுக்கும் நடுவில்கூட வியாபாரம்தான் பேசினார்.

"தை பொறக்கிற வரைக்கும் அறை ஒனக்கு. அதுக்குள்ள கடை தன் கால்ல நின்னுருச்சுன்னா ஒன் பேருக்கே எழுதித் தாரேன். நிக்கலைன்னா உரக்கடைக்கு விட்டுருவோம். அப்பறம் கண்ணக் கசக்கக் கூடாது."

"சரிப்பா."

"என்ன கடை போடப் போற? ஜாக்கெட் பிட்டா?"

"கம்ப்யூட்டர் கேம்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏதோ நான்தான் கிளப்பிவிட்டேன் என்பதைப் போல. சத்தியமாக எனக்கே அப்போதுதான் தெரியும்.

விஷயம் இதுதான். வைகாசியில் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள், சித்தப்பா மகன் வீட்டுக் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடிப் பார்த்திருக்கிறாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை, பந்தியிலும் சாப்பிடவில்லை. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள், மலைப்பாதையில் நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனதைப் பற்றி என்னிடம் வாய் ஓயாமல் சொன்னாள். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.வி. பெட்டியில் ஓடும் வீடியோ கேமுக்கே அவ்வளவு கூட்டம் நிற்கிறதே, இது வந்தால் விடுவார்களா என்று கேட்டாள். அவளுக்குச் சந்தேகம் என்பதே இல்லை. அந்த நம்பிக்கையைப் பார்த்தால் எனக்குச் சில நேரம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

கம்ப்யூட்டர் வாங்க இரண்டு பேரும் மதுரைக்குப் போனோம். பெரிய ஷோரூம், ஏ.சி. போட்டது. கழுத்தில் டை கட்டிய ஒருவர் எங்களை மரியாதையாக உட்கார வைத்து ஒரு கம்பெனிக் கம்ப்யூட்டரைக் காட்டினார். மாவு நிறத்தில் வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. வடிவு அதைச் சுற்றி வந்து, பின்னால் குனிந்து பார்த்து, "தொறங்க, பாப்போம்" என்றாள்.

"ஆன் பண்ணிக் காட்டுறேன் மேடம்."

"ஆன் பண்றது இருக்கட்டும். உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

"அது முடியாது மேடம். இதோ பாருங்க, சீல் ஒட்டியிருக்கு. இது பிரிஞ்சா வாரண்டி போயிடும்."

"வாங்குன பெறகு?"

"வாங்குன பிறகும் நீங்க திறக்கக் கூடாது. எங்க ஆளு வந்துதான் திறக்கணும்."

வடிவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. காசையும் கொடுத்துவிட்டு, தன் பொருளுக்குள் தானே கையை விடக் கூடாது என்று ஒருவர் சொல்வதை அவள் அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் அந்த மனிதர் யோக்கியர். கார் ரேஸைப் போட்டுக் காட்டச் சொன்னபோது போட்டார். கார் இழுத்து இழுத்து ஓடியது. "இது ஆபீஸ் வேலைக்கு வர்ற மாடல் மேடம். கேமுக்குன்னா படம் காட்டுறதுக்குத் தனியா ஒரு கார்டு போடணும். அதுக்குத் தனி விலை" என்று ஒளிக்காமல் சொன்னார். எங்கள் கையில் இருந்தது அந்த மாவு நிறப் பெட்டி ஒன்றுக்குத்தான் கட்டும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் காரியாபட்டி வரைக்கும் வடிவு விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். அப்புறம், "அசெம்பிள் பண்ணித் தாராகளாமே, முனீசு. அதே காசுக்கு ரெண்டு பெட்டி வருமாம்" என்றாள். சொன்ன சுருக்கில் அவளே, "ஆனா பத்துக் கம்பெனி சாமானை ஒரே டப்பாவுல போட்டு அடைச்சா அது கலப்படம்தான?" என்று கேட்டுக்கொண்டாள். கம்பெனிப் பெட்டியில் கையை விட முடியாது. அசெம்பிள் பெட்டியோ பல ஊர்ச் சரக்கு. இரண்டும் அவள் வத்தல் சட்டத்துக்கு விரோதம். அருப்புக்கோட்டை வருகிற வரைக்கும் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

மறுநாள் சீனிச்சாமியைப் பார்க்கப் போனோம். பரளச்சிக்காரர். மதுரையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, எங்கள் ஊரில் ஒரு மாடி அறையில் ஸ்டெபிலைசர், யு.பி.எஸ். ரிப்பேரோடு கம்ப்யூட்டரும் மாட்டிக் கொடுப்பார். வாய் கொஞ்சம் நீளம். மேசை முழுக்க அட்டையும் வயருமாகப் பரப்பி வைத்திருந்தார். வடிவு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"தம்பி, பத்து ஊரு வத்தலை ஒரே மூட்டையில போட்டா எங்க கடையில அதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

"கலப்படம்."

"அப்ப நீங்க செய்றது?"

"சாம்பாருதான் அக்கா" என்றார் அவர், தலையைக்கூட நிமிர்த்தாமல். "பருப்பு ஒரு ஊரு, புளி ஒரு ஊரு, பெருங்காயம் எந்த ஊருன்னே தெரியாது. அதுக்காக யாராச்சும் சாம்பாரைக் கலப்படம்னு கொட்டுறாகளா?"

நான் சிரித்துவிட்டேன். வடிவு சிரிக்கவில்லை, யோசித்தாள். பிறகு, "எங்கண்ணு முன்னால வச்சு மாட்டித் தருவீகளா?" என்று கேட்டாள்.

"நீங்களே மாட்டுங்க. திருப்புளி புடிக்கத் தெரியும்ல?"

அந்த ஒரு வார்த்தையில் முடிவாகிவிட்டது. கம்பெனிப் பெட்டி ஒன்றின் விலைக்கு அசெம்பிள் பெட்டி இரண்டு. இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ரோட்டில் போட்டி போடலாம். தனியாக ஓட்டுவதைவிட, தெரிந்தவனை முந்துவதற்குத்தான் கூட்டம் வரும் என்று வடிவு சொன்னாள். அது வியாபாரம் தெரிந்த பேச்சு.

எதில் கையைச் சுருக்குவது, எதில் சுருக்கக் கூடாது என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். படத்தைத் திரையில் வரைவதற்கென்றே தனியாக இருக்கிற ஏ.ஜி.பி. கார்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம், விளையாட்டுக்கு உயிரே அதுதான் என்றார் சீனிச்சாமி. மெமரியும் தாராளமாக இருக்கட்டும் என்றார். ஹார்டு டிஸ்க் சின்னது போதும். சி.டி. டிரைவ் ஒரு பெட்டியில் இருந்தால் போதும், ஏற்றி முடித்ததும் கழற்றி அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம். மானிட்டர் இரண்டும் பழசு, ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டியவை. வெளிப்பெட்டி இருப்பதிலேயே மட்டமான தகரம். "சட்டை எப்படி இருந்தா என்ன தம்பி, ஆளு தெம்பா இருந்தாச் சரி" என்றாள் வடிவு. சீனிச்சாமி ரயிலேறி மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான்களை வாங்கிவந்தார். வடிவு ஒவ்வொன்றையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, வளைந்த பின்னோடு வந்த ஒரு கேபிளை ஒதுக்கி, மற்றதையெல்லாம் தன் கையாலேயே மாட்டினாள். எந்த ஸ்க்ரூ எங்கே போகிறது என்று அவளுக்கு மனப்பாடம்.

விஜயதசமி அன்று கடை திறந்தாள். நடுவில் நீள மேசை, இரண்டு பெட்டியும் எதிரும் புதிருமாக. ஓட்டுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். மில் வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பையன்கள், தறிக்காரர்கள் என்று தெருவே கூடிவிட்டது. முதல் போட்டியில் உட்கார்ந்தவர்கள் சீனிச்சாமியும் மாரிக்கண்ணன் சாரும். சார் ஒரு ஸ்கூலில் டிரில் மாஸ்டர். விசிலடித்தே பழகியவர், கடைசித் திருப்பம் வரைக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அப்போது பார்த்து ஒரு தும்மல் போட்டார் பாருங்கள், கார் பள்ளத்தில் பாய்ந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சீனிச்சாமியும் தும்மினார். அடுத்து உட்கார்ந்தவர்களும் தும்மினார்கள். சாயங்காலம் ஒரு பெட்டியில் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

அப்புறம் தினமும் இதே கதைதான். போட்டி சூடு பிடிக்கிற நேரம் பெட்டி நின்றுபோகும். ஆட்கள் தும்மி, கண்ணைக் கசக்கி, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வருவார்கள். மாரிக்கண்ணன் சாரைத் தவிர மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சீனிச்சாமி கரண்ட்டைக் குறை சொன்னார், ஸ்டெபிலைசரை மாற்றினார், ஒன்றும் ஆகவில்லை. சங்கர் வாசலில் நின்று, "நான் அப்பவே கம்பெனி சாமான் வாங்கச் சொன்னேன்லக்கா?" என்றான். சொன்னதோடு விட்டானா? கடைக் கணக்குக்கென்று தனக்கு ஒரு மாவு நிறக் கம்பெனிப் பெட்டியை மதுரையில் இருந்து வரவழைத்துக் கல்லா பக்கத்தில் வைத்துக்கொண்டான். உரக்கடைக்காரர் ஒருநாள் டேப்போடு வந்து முன்னறையின் நீள அகலத்தை அளந்து போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டேப்பைப் பிடுங்கி வீசியிருப்பேன். வடிவு அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள்.

"ஒனக்குப் பயமே இல்லையாடி?" என்று கேட்டேன்.

"பெட்டி எங்கையால மாட்டுனது முனீசு. அதுக்கு என்ன கேடுன்னு அதுவே சொல்லும்" என்றாள்.

அன்று மத்தியானம் சீனிச்சாமியையும் உட்கார வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்த சின்ன ஃபேனிலும், அதற்குக் கீழே சிப்பின் சூட்டைக் குறைக்கிற அலுமினியச் சீப்பின் பற்களிலும் செக்கச்செவேல் என்று ஒரு பூச்சு அப்பியிருந்தது. சீனிச்சாமி துரு என்று நினைத்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். அவ்வளவுதான். தும்மித் தும்மி மனிதருக்குக் கண்ணீர் கொட்டியது. பின்னாலேயே நானும் தும்மினேன். வடிவு மட்டும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரலால் அந்தப் பூச்சை வழித்து நாக்கில் வைத்தாள்.

"வத்தல்" என்றாள். "நம்ம குடோன் சம்பா வத்தல்."

"இம்புட்டு நெடி ஒங்களுக்குத் தெரியவே இல்லையாக்கா?" என்றார் சீனிச்சாமி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "ஒங்க குடும்பத்துக்கே மூக்கு செத்துப்போச்சு!"

உண்மைதான். அண்ணாச்சி வீட்டில் பிறந்த குழந்தைக்கு வத்தல் நெடிதான் காற்று. அதில் படுத்து, அதில் தவழ்ந்து, அதில் வளர்ந்தவர்கள். அந்த வீட்டில் எவரும் தும்மி நான் பார்த்ததில்லை. வடிவு அறையை வெள்ளையடித்தாள், விளக்குப் போட்டாள், ஆனால் வத்தல் கடைக்குள்ளேதான் கடை போடுகிறோம் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. போதாக்குறைக்குப் பெட்டிகளை எதிரும் புதிருமாக வேறு வைத்திருந்தாள். ஒரு பெட்டி உள்ளே இழுத்த தூசியை, அதன் பின்பக்க ஃபேன் சூடாக எதிராளியின் மூஞ்சியில் ஊதிக்கொண்டிருந்தது. காசும் கொடுத்து மிளகாய்ப் புகையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், பாவம்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டும் வடிவின் வேகத்தை. பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்தாள். பெட்டிகளின் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். காற்று நுழைகிற ஓட்டைகளில் அண்ணாச்சியின் பழைய மல் வேட்டியைக் கிழித்து வடிகட்டியாக ஒட்டினாள். தினமும் காலையில் மூடியைக் கழற்றி, துணியை மாற்றி, ஃபேனைச் சுத்தம் செய்தாள். பெட்டிகள் இரண்டும் அதன்பின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதே சமயம் கல்லா பக்கத்தில் இருந்த சங்கரின் கம்பெனிப் பெட்டி மூச்சை நிறுத்தியது. அதற்கும் அதே வத்தல்தான். ஆனால் சீலைப் பிரிக்க முடியாதே. மதுரைக்கு என் பூத்தில் இருந்துதான் போன் மேல் போன் போட்டான். அவர்கள் ஆள் வருவார் என்றார்கள், வந்தபாடில்லை.

பெட்டிகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் ஆட்களின் மூக்குக்கு யாரும் வேட்டி கட்ட முடியாதே. லோடு வருகிற நாட்களில் மூட்டைகளெல்லாம் முன்வாசல் வழியாக, வடிவின் கடையை உரசிக்கொண்டுதான் உள்ளே போகும். நடையில் ஒவ்வொரு மூட்டையையும் பொத்தென்று போட்டு எடுப்பார்கள். செம்புழுதி கிளம்பும். அன்றைக்கு அவள் கடையில் ஈ, காக்காய் இருக்காது. இத்தனைக்கும் குடோனுக்குப் பின்பக்கச் சந்தில் அகலமாக ஒரு கதவு உண்டு. லாரியே உள்ளே வரலாம். ஆனால் அண்ணாச்சி வீட்டில் ஒரு வழக்கம். சரக்கு முன்வாசல் வழியாகத்தான் கடைக்குள் வர வேண்டும், விற்றதுதான் பின்வாசல் வழியாக வெளியே போக வேண்டும். லட்சுமி பின்வாசலில் நுழைய மாட்டாளாம். கடை கட்டிய நாளில் இருந்து இதை ஒருவரும் மீறியதில்லை.

மார்கழி பிறந்ததும் வடிவு அப்பாவிடம் போய்ப் பேசினாள். நான் என் பூத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"லோடைப் பின்பக்கம் எறக்கச் சொல்லுங்கப்பா. தூசி இல்லைன்னா கடை நின்னுக்கிரும்."

"ஒன் வெளையாட்டுப் பெட்டிக்காக லட்சுமியச் சந்து வழியா வரச் சொல்றியா?"

"நல்லாக் கேளுக்கா!" என்றான் சங்கர். "நாளைக்கு யாவாரம் படுத்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"எங்கடைக்கு வாரவுகளும் அதே முன்வாசல்லதானப்பா வாராக" என்றாள் வடிவு. "மூட்டையில வாரவ மட்டும் லட்சுமி, தும்மிக்கிட்டுத் திரும்பிப் போறவுக யாரு?"

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். தை பிறக்க நாள் அதிகமில்லை. வடிவு என் பூத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல்முறையாக அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"இது எனக்கு வேணும் முனீசு" என்றாள். "அவன் கல்லாவுல எனக்கு எடம் இல்ல. வீட்டுல அடுப்படியில நான் நிக்க மாட்டேன். இந்த அறை போச்சுன்னா நான் எங்க உக்காருவேன்?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, கடையைத் திறக்கப் போனாள். அதுதான் வடிவு.

பொங்கலுக்கு முந்தின வாரம், லோடு இல்லாத ஒரு நாள். கடையில் நல்ல கூட்டம். அண்ணாச்சி யாரும் எதிர்பார்க்காமல் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மாரிக்கண்ணன் சாரும் வடிவும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் வேட்டித் துணி ஒட்டியிருந்ததைப் பார்த்தவர், "இது என்னம்மா கட்டுப்போட்டு வச்சிருக்க?" என்று கேட்டார். ஆட்டம் முடிந்ததும் வடிவு மூடியைக் கழற்றிக் காட்டினாள். இது சிப்பு, இது கார்டு, இது ஃபேன், இதில்தான் நம் வத்தல் அப்பியது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள்.

"இதெல்லாம் யாரு மாட்டுனது?"

"நாந்தான். சீனித்தம்பி சொல்லிக் கொடுத்தாரு."

அண்ணாச்சி பெட்டிக்குள் ஒரு விரலை விட்டு அந்த அலுமினியச் சீப்பைத் தடவி, விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. உள்ளே கல்லா பக்கம் செத்துக் கிடந்த மாவு நிறப் பெட்டியையும் ஒரு பார்வை பார்த்தார். ஸ்டூலில் போய் மறுபடி உட்கார்ந்துகொண்டார். வருகிற ஆட்களையும் போகிற ஆட்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மில்லில் இருந்து ஷிப்டு முடிந்து வந்தவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றியது அண்ணாச்சிக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து நரிக்குடி லாரி வந்து வாசலில் நின்றது. மறுநாள் வர வேண்டியது, பண்டிகைக் கூட்டத்துக்குப் பயந்து முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். லோடுமேன் கோட்டைச்சாமி முதல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு படியில் கால் வைத்தார். கடைக்குள் இருந்தவர்கள் பழகிப்போய் எழுந்திருக்க ஆரம்பித்தார்கள். வடிவு எழுந்திருக்கவில்லை. கீபோர்டில் வைத்த கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோட்டை, நில்லு" என்றார் அண்ணாச்சி.

கோட்டைச்சாமி மூட்டையோடு நின்றார்.

"பின்பக்கம் கொண்டு போ."

"அண்ணாச்சி?"

"காது கேக்கலையா? வண்டியச் சந்துக்குத் திருப்பச் சொல்லு. இனிமே எந்த லோடு வந்தாலும் பின்வாசல்தான்."

கல்லாவில் இருந்து சங்கர் எழுந்து ஓடிவந்தான். "அப்பா, என்ன சொல்றீக? தாத்தா காலத்துல இருந்து..."

"ஒங்க தாத்தா கட்டுன கடைதான். அவரு இருந்தா நானே அவருக்கிட்டப் பேசிக்கிருவேன்" என்றார் அண்ணாச்சி. "லட்சுமி வரணும்னு நெனச்சா அவ எந்த வாசல்லயும் வருவா. நீ போய்ப் பின்கதவத் தொற."

லாரி பின்னால் நகர்ந்து, முக்கி முனகிச் சந்துக்குள் திரும்பியது. தெருவில் இருந்த கடைக்காரர்களெல்லாம் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

வடிவு வெளியே வந்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது, ஆனால் நிமிர்ந்துதான் நின்றாள்.

"அப்பா, தை இன்னும் பொறக்கலையே?" என்றாள்.

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொறந்தா என்ன, பொறக்காட்டி என்ன? போ தாயி. ஒங்கடையில ஆளு காத்துக்கிட்டு இருக்கு."